குளத்தங்கரைக் கேள்விகள்: மீனுக்குக் கிராம்பு மயக்கம்

சென்ற இதழில் தாய் மீனுக்கு ஹார்மோன் ஊசி போடுவதைப் பற்றி எழுதினேன். அதில் போகிற போக்கில், "ஊசிக்கு முன்னால் கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரில் மீனைக் கொஞ்சம் மயக்கிக்கொள்வேன்" என்று ஒரு வரி வந்துவிட்டது. அவ்வளவுதான். ஊசியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. வந்த கடிதமெல்லாம் அந்த ஒரு வரிக்கு. ஆகையால் இந்த மாதம் முழுக்கக் கிராம்புதான். உரக்கேள்வி, பாசிக்கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டுச் சிமெண்ட் தொட்டியில் ஒன்பது கோய் கெண்டைகள் வளர்க்கிறோம். நான்கு மீன்களின் உடம்பில் வெள்ளை நூல் மாதிரி புழு தொங்குகிறது. பிடித்துப் பிடுங்கலாம் என்றால் கையில் நிற்காமல் துள்ளி, செதில் உதிர்ந்ததுதான் மிச்சம். பக்கத்து வீட்டுப் பையன் கிராம்பு எண்ணெய் விடச் சொல்கிறான். விடலாமா அண்ணாச்சி?
– வாசகி, அருமனை

விடலாம் அம்மா. ஆனால் பையன் பாதிதான் சொல்லியிருக்கிறான். மீதிப் பாதியை நான் ஒரு தாய் மீனைக் கொன்று கற்றுக்கொண்டேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

மீன்குஞ்சுப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்த சமயம். மூன்று கிலோ ரோகு ஒன்று, வயிறு நிறையச் சினை. அதை இரண்டு பேர் ஈரச்சாக்கில் அமுக்கிப் பிடிக்க, ஒருவர் ஊசி போடுவதுதான் வழக்கம். கிராம்பு எண்ணெயில் மீன் மயங்கும் என்று எங்கேயோ வாசித்திருந்தேன். வீட்டில் பல்வலிக்கு வாங்கி வைத்திருந்த குப்பியை எடுத்துக்கொண்டு போனேன். பண்ணையில் வலை இழுக்கும் பெரியவர் பார்த்துவிட்டு, "மக்கா, மீனை மயக்கப் போறியா, மசாலா தடவப் போறியா?" என்று கேட்டார். நான் பெரிய மனுஷன் மாதிரி சிரித்துவிட்டு, சருவத்துத் தண்ணீரில் நேராகச் சொட்டு விட்டேன். ஐந்து நிமிஷம் ஆயிற்று. மீன் சும்மா நின்றது. இன்னும் கொஞ்சம் விட்டேன். அப்போதும் ஒன்றுமில்லை. மறுபடி விட்டேன்.

எனக்குத் தெரியாமல் போனது இதுதான். எண்ணெய் என்றால் மேலே மிதக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கிராம்பு எண்ணெய் தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம். நான் விட்டதெல்லாம் முத்து முத்தாகச் சருவத்தின் அடியில் போய் உட்கார்ந்திருந்தது. மீன் ஒருதரம் வாலை வீசியது. அடியில் கிடந்த மொத்தமும் கிளம்பி அதன் செவுளில் ஏறிவிட்டது. அரை நிமிஷத்தில் சாய்ந்தது. நல்ல தண்ணீரில் போட்டு அரைமணி நேரம் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். எழும்பவில்லை. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் சருவத்தைக் கவிழ்த்துக் கழுவி வைத்தார். அன்றைக்கு எண்ணெய்க்குப் பயப்பட்டேன், அதற்குப் பிறகுதான் அதைப் பயன்படுத்தக் கற்றேன்.

இப்போது உங்கள் தொட்டிக்கு வருவோம். அந்த நூலை நங்கூரப் புழு என்பார்கள். பெயர்தான் புழு, வம்சத்தில் இறால், நண்டுக்கு உறவு. தலை நங்கூரம் போலப் பிரிந்து சதைக்குள் மாட்டியிருக்கும். துள்ளுகிற மீனில் பிடித்து இழுத்தால் வெளியே தொங்குவது மட்டும் அறுந்து வரும், தலை உள்ளேயே நின்று புண்ணாகும். இதற்கு மீன் அசையாமல் கிடக்கத்தான் வேண்டும். அதனால் உங்கள் விஷயத்தில் மயக்கம் தேவை.

முதல் நாள் தீனி போடாதீர்கள். வயிறு நிறைந்த மீன் மயக்கத்தில் கக்கும், தண்ணீரும் கெடும். மறுநாள் காலை வெயில் ஏறும் முன் இரண்டு பக்கெட் எடுத்து, இரண்டிலும் அதே தொட்டித் தண்ணீரைப் பத்துப் பத்து லிட்டர் அளந்து ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், குளோரின் இருக்கும். இரண்டிலும் ஏர் பம்புக் கல் ஓடட்டும். ஒன்று மயக்கத் தண்ணீர், இன்னொன்று தெளியத் தண்ணீர். தெளியத் தண்ணீரை முதலில் தயார் செய்யுங்கள். பலர் இதைத்தான் கடைசிக்குத் தள்ளிவிட்டு, மயங்கிய மீனைக் கையில் வைத்துக்கொண்டு பக்கெட் தேடுவார்கள்.

அளவைச் சொட்டில் எண்ணாதீர்கள். குப்பிக்குக் குப்பி சொட்டு மாறும். மருந்துக்கடையில் ஊசியில்லாத ஒரு மில்லி சிரிஞ்ச் வாங்கிக்கொள்ளுங்கள். கெண்டை வகைக்கு லிட்டருக்கு 40 மில்லிகிராம் போதும். பத்து லிட்டருக்கு 0.4 மில்லி எண்ணெய். அதையும் ஒரே தடவையில் விட வேண்டாம். முதலில் 0.2. ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, போதாது என்றால் அடுத்த 0.1. நம் ஊர்த் தண்ணீர் வெதுவெதுப்பானது. குளிர்ந்த தண்ணீரைவிடச் சூட்டில் மயக்கம் சீக்கிரம் ஏறும்.

எண்ணெயை நேராக விடக்கூடாது என்பதற்குத்தான் மேலே அந்தக் கதை. சோதனைக்கூடங்களில் ஒரு பங்கு எண்ணெய்க்கு ஒன்பது பங்கு எத்தனால் சேர்த்துக் கரைத்து வைத்துக்கொள்வார்கள். வீட்டில் அது கிடைக்காது. மூடியுள்ள சின்னப் பாட்டிலில் பாதிக்கு வெந்நீர் ஊற்றி, எண்ணெயை விட்டு, கை வலிக்கக் குலுக்குங்கள். தேங்காய்ப்பால் மாதிரி வெளுக்கும். ஆறியதும் இன்னொரு தரம் குலுக்கி, உடனே பக்கெட்டில் ஊற்றிக் கையால் நன்றாகக் கலக்குங்கள். வைத்திருந்தால் மறுபடி பிரிந்துவிடும்.

அப்புறம் மீனை விட்டுவிட்டு, செல்போனைத் தூர வைத்துவிட்டு, பக்கத்தில் குந்தி உட்காருங்கள். முதலில் வாசனை பிடிக்காமல் ஒரு சுற்று வேகமாக ஓடும். பிறகு நிதானப்படும். கையை நீட்டினால் விலகாது. வால் மட்டும் சோம்பலாக ஆடும். அடுத்து ஒரு பக்கமாகச் சாயும், நிமிரப் பார்க்கும், மறுபடி சாயும், கடைசியில் வெள்ளை வயிறு மேலே தெரியும். இதைப் பார்த்ததும் வீட்டில் யாராவது "ஐயோ செத்துப்போச்சு" என்று சத்தம் போடுவார்கள். போடட்டும். நீங்கள் வயிற்றைப் பார்க்காமல் செவுள் மூடியைப் பாருங்கள். திறந்து மூடி, திறந்து மூடி, மெதுவாக ஆனால் ஒழுங்காக ஓடினால் சரியான இடத்தில் இருக்கிறது. மூன்று நிமிஷத்துக்குள் இந்த நிலை வந்து, நல்ல தண்ணீரில் ஐந்து நிமிஷத்துக்குள் தெளிந்தால் அளவு சரி என்று அர்த்தம். மூடி நின்று நின்று அடித்தால், அல்லது நின்றேவிட்டால், வேலை முடியாவிட்டாலும் மீன் உடனே அடுத்த பக்கெட்டுக்குப் போக வேண்டும்.

மயங்கிய மீனை ஈரத்துணியில் கிடத்தி, துணியின் ஒரு முனையால் கண்ணை மூடுங்கள். சாமணத்தால் புழுவைத் தோலை ஒட்டி, அடியில் பிடித்து, அது சாய்ந்திருக்கும் பக்கமாகவே நிதானமாக இழுங்கள். இடத்தில் ஒரு பொட்டு போவிடோன் மருந்து வையுங்கள், செவுளில் படாமல். தண்ணீருக்கு வெளியே ஒரு நிமிஷம், அதிகம் போனால் இரண்டு. தெளியத் தண்ணீரில் விட்டதும் கீழே கிடந்தால், கல்லிலிருந்து குமிழி வரும் பக்கமாக வாயை வைத்துப் பிடியுங்கள். தண்ணீர் வாய்வழி போய்ச் செவுள்வழி வர வேண்டும். வாலைப் பிடித்துப் பின்னுக்கு இழுக்காதீர்கள்.

இன்னொன்று. நான்கு மீனில் புழுவை எடுத்தால் முடிந்தது என்று இருக்காதீர்கள். அதன் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீரில் நீந்திக்கொண்டிருக்கும். ஒன்பது மீனையும் வேறு தொட்டியில் மாற்றி, பழைய தொட்டியைக் கழுவி ஒரு வாரம் வெயிலில் காயப் போடுங்கள். ஒரு மாதம் வரை வாரம் ஒருமுறை மீன்களைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

எத்தனால் கிடைக்காவிட்டால் பிராந்தியில் கலக்கலாமா?
– வாசகர், வேர்க்கிளம்பி

உங்கள் ஆர்வம் புரிகிறது. நம் கடையில் கிடைக்கும் பிராந்தியில் சாராயம் 42.8 சதவீதம்தான், மீதியில் பெரும்பகுதி தண்ணீர். கிராம்பு எண்ணெய் அதில் ஒழுங்காகக் கரையாது. வெந்நீரில் குலுக்கினாலே போதும். பிராந்தியை மீனின் கணக்கில் எழுதாதீர்கள்.

கிராம்பு எப்படி மீனை மயக்குகிறது? வேறு செடி எண்ணெய்களும் அப்படிச் செய்யுமா? விலங்கியல் படிக்கிறேன், செய்முறைத் திட்டத்துக்கு வேண்டும்.
– கல்லூரி மாணவர், மார்த்தாண்டம்

தம்பி, முதலில் ஒரு கிராம்பைக் கடைவாயில் வைத்துக் கடித்து இரண்டு நிமிஷம் இரு. நாக்கின் அந்தப் பக்கம் மரத்துப்போகும். உன் செய்முறைத் திட்டத்தின் முதல் பக்கம் அதுதான். மரக்க வைப்பது யூஜினால். கிராம்பு எண்ணெயில் பெரும்பங்கு அதுவே. நரம்பில் சேதி ஓடுவதற்குச் சோடியம் உள்ளே புகும் வாசல்கள் திறக்க வேண்டும். யூஜினால் அவற்றை அடைக்கிறது. மூளையில் காபா என்று ஒரு வேதிப்பொருள் நரம்புகளை அமைதிப்படுத்துகிறது. அதற்கும் இது கை கொடுக்கிறது. பல் மருத்துவர் தற்காலிகமாகப் பல்லை அடைக்கும் பசையில் துத்தநாக ஆக்சைடோடு சேர்ப்பதும் இதே யூஜினால்தான். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு வாசனை நினைவிருக்கும்.

நமக்கு மரப்பது நாக்கு மட்டும். மீன் மொத்தமாக மயங்குவதற்குக் காரணம் செவுள். மெல்லிய தோல், அடியிலேயே ரத்தம். பிராணவாயு ஏறுகிற அதே வழியில் மருந்தும் ஏறுகிறது. நல்ல தண்ணீரில் விட்டால் பெரும்பாலும் அதே வழியில் இறங்குகிறது. ஊசியில்லாமல் கொடுத்து, தண்ணீரை மாற்றி வெளியே எடுக்கிற மயக்க மருந்து இது. மனுஷனுக்கு நுரையீரல் வழியாகக் கொடுப்பார்களே, அந்த மாதிரி. ஆபத்தும் அங்கேதான். மயக்கம் கூடினால் செவுள் அடிப்பது குறையும், குறைந்தால் பிராணவாயுவும் ஏறாது, மருந்தும் இறங்காது.

இந்தோனேசியா கிராம்பின் பிறந்த வீடு. மீன்களை அளந்து பார்க்கக் கிராம்பு எண்ணெயில் மயக்கிய ஆய்வு ஒன்று 1995-இல் அங்கிருந்து வெளிவந்தது. அவர்கள் எடுத்தது நம் கடற்கரையில் ஓரா என்று சொல்லும் மீனின் இனத்தை. அதற்கு முன்பே 1972-இல் ஜப்பானியர்கள் கெண்டை வகை மீனில் யூஜினாலைப் பார்த்திருந்தார்கள்.

மற்ற எண்ணெய்கள் என்றால், புதினா எண்ணெயின் மென்தால், லாவெண்டரிலும் திருநீற்றுப்பச்சையிலும் இருக்கும் லினலூல், இவற்றையெல்லாம் வைத்து உலகம் முழுக்க ஆய்வு நடக்கிறது. பிரேசில்காரர்கள் லிப்பியா ஆல்பா என்ற வாசனைச் செடியின் எண்ணெயை அவர்கள் ஊர்க் கெளுத்தியில் நிறையப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் செடி எண்ணெய்களோடு ஒரு தொந்தரவு உண்டு. ஒரே செடி, வேறு மண், வேறு பருவம் என்றால் உள்ளே இருக்கும் சரக்கின் விகிதம் மாறும். கிராம்பு மற்றதை முந்தியதற்கு அதன் வீரியம் ஒரு காரணம், அதன் யூஜினால் அளவு ஓரளவு நம்பக்கூடியதாக இருப்பது இன்னொரு காரணம் என்பது என் எண்ணம்.

துளசியிலும் யூஜினால் இருக்கிறதே, இலையை அரைத்துக் கலக்கலாமா என்று அடுத்த கடிதம் எழுதாதே. இலைச்சாற்றில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் ஊற்றினால் மயங்கியது துளசியாலா, சேறான தண்ணீரில் மூச்சுமுட்டியதாலா என்று உனக்கே புரியாது. உன் திட்டத்துக்கு நான் சொல்வது: ஒரே அளவு திலேப்பியாக் குஞ்சுகள், மூன்று அளவு எண்ணெய், சாய எடுத்த நேரம், தெளிய எடுத்த நேரம். நான்காவதாக எண்ணெயே விடாத ஒரு பக்கெட். கல்லூரியில் அனுமதி வாங்கிக்கொண்டு செய்.

சின்ன வயதில் ஆற்றுக் கயத்தில் காக்காய்க்கொல்லி விதையை இடித்துக் கலக்கி மீன் பிடித்திருக்கிறோம். மீன் கிறங்கி மேலே வரும். நீங்கள் புதிதாகச் சொல்வது போல எழுதுகிறீர்கள், எல்லாம் ஒன்றுதானே?
– வாசகர், பேச்சிப்பாறை

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். எங்கள் அப்பாவும் நஞ்சு கலக்கிய கதை சொல்லுவார். கரையில் நின்று பார்த்தால் இரண்டும் ஒன்று மாதிரித்தான் தெரியும், மீன் புரண்டு மேலே வருகிறது. உள்ளே நடப்பது நேர் எதிர். காக்காய்க்கொல்லியில் இருப்பது பிக்ரோடாக்சின். மேலே மாணவருக்குச் சொன்னேனே, காபா, நரம்பை அமைதிப்படுத்துவது என்று. கிராம்பு அதற்குத் துணை நிற்கிறது, காக்காய்க்கொல்லி அதன் வாசலை அடைத்துவிடுகிறது. அமைதிப்படுத்த ஆள் இல்லாமல் மூளை முழுக்கத் தீப்பிடித்த மாதிரி. மீன் கிறங்குவதாக நீங்கள் பார்த்தது வலிப்பு. காரைக்காய் இடித்துப் போடுவதும் உண்டு, அதில் இருக்கும் சோப்பு போன்ற சரக்கு செவுளையே கெடுக்கும்.

அப்புறம் கயத்தில் கலக்கினால் பெரிய மீன், குஞ்சு, தவளை, கீழே குளிக்கிறவன் என்று பார்க்காமல் எல்லாருக்கும் போய்ச் சேரும். நம் எல்லையில் மலையாளம் கலந்து பேசுகிறவர்கள், "நஞ்செந்தினா நானாழி" என்பார்கள். கொல்ல நாலு நாழி எதற்கு, துளி போதாதா என்று. நீர்நிலையில் நஞ்சு கலக்குவதற்கு எதிராக 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டத்திலேயே ஒரு பிரிவு இருக்கிறது. அப்பாவிடம் அதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். பேரப்பிள்ளைகளுக்கு மட்டும் அந்தக் கொடியைக் காட்டிக்கொடுக்காதீர்கள்.

மாறாமலைப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் கிராம்பு மரம் உண்டு. உதிர்கிற இலையில் எண்ணெய் எடுத்து மீன் வளர்ப்பவர்களுக்கு விற்கலாமா?
– வாசகர், குலசேகரம்

எண்ணெய் எடுக்கலாம், மீனை நம்பி எடுக்காதீர்கள். பத்து லிட்டருக்கு அரை மில்லிகூடச் செலவில்லாத வியாபாரம் இது. நான் பதினான்கு தொட்டி வைத்திருக்கிறேன், ஐம்பது மில்லிக் குப்பி ஒன்று வருஷத்தைத் தாண்டுகிறது. சோப்பு, பற்பசை, வாசனைச் சரக்குக்காரர்களைப் பாருங்கள்.

ஆனால் இலையைக் குறைவாக நினைக்க வேண்டாம். காய்ந்த மொட்டில் எண்ணெய் அதிகம், இலையில் குறைவுதான். என்றாலும் இலை எண்ணெயில் யூஜினால் பங்கு மொட்டு எண்ணெய்க்குச் சமமாக, சில சமயம் கூடவே இருக்கும். மொட்டில் யூஜினைல் அசிடேட் என்று இன்னொன்றும் சேர்ந்து வருவதால்தான் அந்த இனிமையான மணம். சமையலுக்கும் மணத்துக்கும் மொட்டு, மரக்க வைக்க இலையும் போதும்.

கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் 1800 வாக்கில் குற்றாலத்துத் தோட்டத்தில் நட்ட மரம், தெற்கே நம் மலைக்கு வந்து, இன்றைக்குக் கன்னியாகுமரிக் கிராம்பு என்று புவிசார் குறியீடு வாங்கி நிற்கிறது. அந்தப் பெயரை வைத்து நல்ல எண்ணெய் ஒன்று ஊரிலேயே கிடைத்தால் நான் முதல் ஆளாக வாங்குவேன். கடையில் வாங்குவது சில சமயம் சமையல் எண்ணெயில் கிராம்பு வாசனை ஏற்றியது. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். மிதந்தால் சந்தேகப்படுங்கள். கடையில் கேட்கும்போது "லவங்க எண்ணெய்" என்றும் கேட்காதீர்கள். ஒரு கடைக்காரர் கிராம்பு தருவார், இன்னொருவர் பட்டை தருவார். பட்டை எண்ணெய் செவுளைக் காந்தவைக்கும்.

மீனுக்கு வலி தெரியாது என்று என் மாமா அடித்துச் சொல்கிறார். அப்படியானால் இந்த மயக்கமெல்லாம் எதற்கு?
– வாசகி, இரணியல்

2003-இல் பிரிட்டனில் டிரவுட் மீனின் உதட்டில் தேனீ விஷமும் அமிலமும் ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். தலையில் வலியைப் பிடிக்கும் நரம்பு முனைகள் இருப்பதைக் கண்டார்கள். மீன் இரை எடுக்காமல், உதட்டைத் தொட்டியின் கூழாங்கல்லில் போய்த் தேய்த்தது. மாமாவிடம் இதைச் சொல்லுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் விடுங்கள், துள்ளுகிற மீனுக்கு ஊசி போட்டு என் விரலில் குத்திக்கொண்டது எனக்கு நன்றாகவே வலித்தது. அந்தக் காரணம் ஒன்றே போதும்.

கிராம்பு எண்ணெயில் மயக்கிய மீனைச் சாப்பிடலாமா? குளச்சல் சந்தையில் வாங்கும் மீனில் இப்படி ஏதாவது கலந்திருப்பார்களோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, திங்கள்சந்தை

கடல்மீனுக்குக் கிராம்பு எண்ணெய் விட்டு யாருக்கும் ஒரு லாபமும் இல்லை அம்மா. செத்த மீனை மயக்க வேண்டியதில்லையே. அந்தப் பயத்தை விடுங்கள். நீங்கள் பயப்பட வேண்டியது கெட்டுப்போனதை மறைக்கப் போடும் சரக்குகளுக்கு. 2018-இல் கேரளத்தில் 'சாகர் ராணி' என்று பெயர் வைத்து நடத்திய சோதனையில் ஃபார்மலின் போட்ட மீனைப் பிடித்தது நினைவிருக்கும். மீன்காரம்மாவிடம் செவுளைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள், முகம் சுளிக்காமல் காட்டுகிறவரிடம் வாங்குங்கள்.

குளத்து மீன் விஷயம் வேறு. யூஜினால் மீனிலிருந்து சீக்கிரம் வெளியேறும் என்றாலும், எத்தனை நாளில் சாப்பிடலாம் என்பதில் நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. அமெரிக்காவில் எம்.எஸ்.222 என்ற மயக்க மருந்துக்கு அனுமதி உண்டு, அதில் முங்கிய மீன் 21 நாள் கழித்துத்தான் சாப்பாட்டுக்குப் போகலாம். கிராம்பு எண்ணெய்க்கு அங்கே அந்த அனுமதி இல்லை. நியூசிலாந்தில், யூஜினாலுக்கு நெருங்கிய உறவான ஐசோயூஜினால் கலந்த மருந்தில் மயக்கிய மீனை ஒரு நாள்கூடக் காத்திராமல் விற்கலாம். அதே ஐசோயூஜினால் ஆண் சுண்டெலிகளுக்கு ஈரலில் புற்று உண்டாக்கியதாக 2010-இல் அமெரிக்க ஆய்வொன்று சொன்னது. எலிக்குக் கொடுத்த அளவு வேறு, மீனில் மிஞ்சும் அளவு வேறு, அதையும் சொல்லத்தான் வேண்டும். என் வழக்கம் எளிது. தாய் மீனுக்கும் அலங்கார மீனுக்கும் மட்டும் கிராம்பு. குழம்புக்குப் போகிற மீன் அந்தப் பக்கெட்டில் இறங்காது.

அலங்கார மீன்களை ஆக்சிஜன் பாக்கெட்டில் கட்டி ரயிலில் சென்னைக்கு அனுப்புகிறேன். பாக்கெட்டில் கிராம்பு எண்ணெய் விட்டால் சாவு குறையுமா?
– வாசகர், கருங்கல்

லிட்டருக்கு ஐந்து, பத்து மில்லிகிராம் விட்டால் மீன் சாயாமல் மந்தமாக நிற்கும், அலைச்சல் குறையும் என்று ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் பக்கெட்டில் தப்பு நடந்தால் நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்கள். ரயில் மதுரையைத் தாண்டும்போது யார் பார்ப்பது? கொஞ்சம் கூடிவிட்டால் எல்லாம் பாக்கெட் மூலையில் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து அடியில் உள்ளது மூச்சுமுட்டும். நான் விடுவதில்லை. இரண்டு நாள் தீனியை நிறுத்துங்கள், எண்ணிக்கையைக் குறையுங்கள், பெட்டியில் பாக்கெட்டுக்கு வெளியே ஐஸ் வையுங்கள். சாவு குறையாவிட்டால் அப்புறம் எழுதுங்கள்.

வரால் அனுப்புகிறவர்கள் இதன் பக்கமே போக வேண்டாம். வரால் மேலே வந்து காற்றைக் குடித்தாக வேண்டிய மீன். மயங்கி அடியில் கிடந்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் சாகும்.

என் மகளின் தங்கமீனுக்கு வயிறு வீங்கி, செதில் எல்லாம் பலாக்காய் முள் மாதிரி விரிந்து நிற்கிறது. ஒரு மாதமாக மருந்து போட்டும் சரியாகவில்லை. சாய்ந்து கிடக்கிறது. வலியில்லாமல் முடித்துவிட இந்த எண்ணெய் உதவுமா? எட்டு வயதுப் பிள்ளை, பார்த்து அழுகிறாள்.
– வாசகர், தக்கலை

உதவும். செதில் அப்படி விரிந்துவிட்டால் அநேகமாகத் திரும்பாது. சிலர் ஃப்ரீசரில் வைக்கச் சொல்வார்கள், வைக்காதீர்கள், அது மெதுவான சாவு.

ஒரு கிண்ணத்தில் அதன் தொட்டித் தண்ணீரையே இரண்டு லிட்டர் எடுங்கள். முதலில் 0.1 மில்லி எண்ணெயை வெந்நீரில் குலுக்கி, ஆறவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். மீன் அமைதியாகச் சாய்ந்து, தொட்டால் அசையாத நிலைக்கு வரட்டும். அதற்கு அப்புறம் ஒரு மில்லியை அதேபோல் குலுக்கி மொத்தமாகச் சேருங்கள். லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்கு மேல் போனால் திரும்பாது. செவுள் நின்றதும் முடிந்துவிட்டது என்று எடுத்துவிடாதீர்கள், சில மீன் நல்ல தண்ணீரில் திரும்ப மூச்சுவிடும். செவுள் நின்ற பிறகும் அரைமணி நேரம் அப்படியே இருக்கட்டும்.

பிள்ளை பக்கத்தில் இருக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதைத்தான் கேட்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அவளிடமே கேளுங்கள். இருக்கிறேன் என்றால் இருக்கட்டும், முதல் பாதி வரை. மீன் சாய்வது தூங்குவது போலத்தான் இருக்கும். "தூங்குகிறது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், நாளைக்கு எப்போது எழும்பும் என்று கேட்பாள்.

மிச்சத் தண்ணீரைக் குளத்திலோ வாய்க்காலிலோ ஊற்ற வேண்டாம். கொல்லையில் வெறும் மண்ணில் ஊற்றுங்கள். மீனைத் தென்னை மூட்டில் புதையுங்கள், நாய் தோண்டாத ஆழத்தில்.